கம்பும் கௌரவமும்

சில ஆண்டுகளாக ஒரு பேச்சு நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியிலும், ரயில் பிரயாணத்திலும், டாக்டருக்காகக் காத்திருக்கும் இடத்திலும் யாராவது ஒருவர் அதை ஆரம்பித்துவிடுகிறார். "நம் பாட்டன் பூட்டன் எல்லாம் கம்பங்கூழ் குடித்துவிட்டுக் கல்லு மாதிரி இருந்தார்கள். சர்க்கரை வியாதி உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா? இந்தக் காலத்து ஜனங்களுக்கு வெள்ளைச் சோறு வேண்டியிருக்கிறது. கிராமத்திலேயே கம்பு விதைப்பாரைக் காணோம். எல்லாம் சோம்பேறித்தனம், நாக்கு ருசி!" கேட்பவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். பேசியவரும் திருப்தியோடு இலையைப் பார்த்துக் குனிந்து, இரண்டாம் முறை வரும் சோற்றை வாங்கிக்கொள்கிறார்.

இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று ஆராய்வது வைத்தியர்களின் வேலை. என்னை உறுத்துவது வேறொன்று. இதனுள் ஒரு குற்றச்சாட்டு மறைந்திருக்கிறது. வானம் பார்த்த பூமியில் பிழைக்கிற குடியானவன், தன் பாட்டன் விதைத்த தானியத்தைக் கைவிட்டதால் ஏதோ தர்மத்திலிருந்து வழுவிவிட்டான் என்று இது சொல்லாமல் சொல்கிறது. ஒரு தானியத்தை விடுவது ஒழுக்கக் குறைவா? அதை விட்டவனைக் கேள்வி கேட்க யாருக்கு உரிமை உண்டு? இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கம்பைப் பற்றிச் சில விஷயங்கள். கரிசல் சீமையில் அதைக் கம்மம்புல் என்பார்கள். ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 400 மில்லிமீட்டர் மழைதான் பெய்யும் என்கிற பூமியில்கூட அது விளைந்துவிடும். வேர் ஆழமாக இறங்கி ஈரத்தைத் தேடும். நடுவில் மழை ஏமாற்றினால் வாடி நின்று காத்திருக்கும். மறுபடி ஒரு மழை விழுந்தால் பக்கத்தில் புதுத் தூர் வெடித்துக் கதிர் தள்ளும். மூன்று மாதத்துக்குள் அறுவடை முடிந்துவிடும். மனிதனுக்குத் தானியம், மாட்டுக்குத் தட்டை. இவ்வளவு குறைவாகக் கேட்டு இவ்வளவு கொடுக்கிற பயிர்கள் உலகத்தில் அதிகமில்லை.

நம் பாட்டன் தானியம் என்று சொல்கிறோமே, அதிலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. கம்பு நம் மண்ணில் பிறந்ததல்ல. ஆப்பிரிக்காவில், சகாராப் பாலைவனத்தின் தென் ஓரத்தில், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் அதைக் காட்டுப் புல்லிலிருந்து பயிராக்கினார்கள். அங்கிருந்து அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்து சுமார் 3,500 ஆண்டுகள் ஆகின்றன. நைஜர், மாலி போன்ற நாடுகளில் இன்றும் அதுதான் பிரதான உணவு. கடல் கடந்து வந்த ஒரு புதுத் தானியத்தை அன்றைக்கு நம் மூதாதை ஒருவன் துணிந்து விதைத்தான். அவனுடைய பாட்டன் விதைத்ததை மட்டுமே விதைப்பேன் என்று அவன் பிடிவாதம் பிடித்திருந்தால், நாம் இன்று பெருமை பேசக் கம்பே இருந்திராது. பயிரை மாற்றிக்கொள்வது குடியானவனுடைய குலத்தொழிலிலேயே அடங்கியது, அது துரோகமாகிவிடாது.

சரி, உண்மையிலேயே கம்பு அழிந்துகொண்டிருக்கிறதா? கணக்கைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. 1960-61ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1 கோடியே 14 லட்சம் ஹெக்டேரில் கம்பு விதைத்தார்கள். விளைந்தது சுமார் 33 லட்சம் டன். 2020-21இல் பரப்பு சுமார் 76 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. ஆனால் விளைச்சலோ ஒரு கோடி டன்னைத் தாண்டிவிட்டது. நிலம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தானியம் மூன்று பங்காகியது. ஹெக்டேருக்கு 300 கிலோகூடக் கொடுக்காத பயிர் இன்று ஆயிரத்து நானூறு கிலோ கொடுக்கிறது. இந்தப் பரப்பில் பாதிக்கு மேல் ராஜஸ்தானில் இருக்கிறது. தமிழ்நாட்டு நிலவரம்தான் வேறு. அறுபதுகளில் நான்கு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த கம்பங்கொல்லை, இப்போது ஒரு லட்சத்தைக்கூட எட்டுவதில்லை.

கம்பு எங்கிருந்தெல்லாம் வெளியேறியது என்று கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். கிணறு வெட்டிய இடத்திலிருந்து அது கிளம்பிவிட்டது. பம்புசெட் வந்தது, ஆழ்துளைக் குழாய் வந்தது. அங்கே நெல்லோ, பருத்தியோ, நிலக்கடலையோ உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் இல்லாத மேட்டு நிலமும், மணற்பாங்கான புஞ்சையும், சரளையும் கம்புக்கு மிஞ்சின. ஊரிலேயே மோசமான நிலத்தை அதற்குக் கொடுத்தோம், உரம் போடவில்லை, தண்ணீர் காட்டவில்லை, பிறகு, "இது மகசூல் இல்லாத பயிர்" என்று பெயரும் வைத்தோம். குஜராத்தின் வடபகுதியில் கோடைக் காலத்தில் கம்புக்கு நீர் பாய்ச்சிப் பயிர் செய்கிறார்கள். அங்கே அது ஹெக்டேருக்கு நான்கு டன் வரைக்கும் கொடுக்கிறது. மனிதர்கள் விஷயத்திலும் நாம் இப்படித்தான் செய்கிறோம். ஒருவனை மேட்டிலே தள்ளிவிட்டு, அவன் வளரவில்லை என்று சொல்வது நமக்குப் பழக்கமான நியாயம்தான்.

தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் காட்டில் மானாவாரிக் கம்பு நின்ற இடத்தில் இன்று பெரும்பாலும் மக்காச்சோளம் நிற்கிறது. அதில் கணிசமான பகுதி கோழித் தீவனமாக நாமக்கல் பக்கம் போகிறது. மனிதன் தின்ற தானியத்தின் இடத்தைக் கோழி தின்கிற தானியம் பிடித்துக்கொண்டது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். வருத்தம் நியாயமானதுதான். ஆனால் மக்காச்சோளத்தை வாங்குவதற்குக் களத்துக்கே வியாபாரி லாரியோடு வருகிறான். கம்பு மூட்டையைக் குடியானவன்தான் தலையில் தூக்கிக்கொண்டு வாங்குகிறவனைத் தேட வேண்டும். பிள்ளையின் காலேஜ் சம்பளத்தை ஜூன் மாதம் கட்டியாக வேண்டிய ஒரு தகப்பன் இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பான்? அவனுடைய இடத்தில் இருந்தால் நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

பணம் ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் கௌரவம். 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை' என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. இரண்டு காரியங்களையும் ஒருங்கே விரும்பித் திண்டாடுகிறவனைக் கேலி செய்வதற்காக அதைச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பழமொழியைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். கூழ் குடிக்கிறவனுக்கு மீசை எதற்கு என்கிற ஏளனமும் அதில் தொனிக்கிறது அல்லவா? 'கூழானாலும் குளித்துக் குடி' என்கிறோம். கடைசிப் படியில் இருக்கிற உணவு கூழ் என்பது அதில் சொல்லாமலே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

வறண்ட சீமைக் கிராமங்களில் நெல்லுச் சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியதாக இருந்தது. சாதாரண நாளில் அரிசிச் சோறு பொங்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பண்ணையார் வீட்டுக்குள்ளே அரிசி. தொழுவத்துப் பக்கம் உட்கார்ந்த பண்ணையாளுக்குக் கூழ். எந்த வீட்டில் என்ன வேகிறது என்பதை வைத்தே அந்த வீட்டின் ஜாதியையும் நிலபுலத்தையும் சொல்லிவிடலாம் என்ற நிலை நம்மில் பலருடைய தாத்தாக்கள் காலம் வரையில் இருந்தது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஒரு மந்திரம் போல் ஊரூராகப் பரவிற்றே, எதனால்? வயிறு நிறைவது மட்டுமானால் அதைக் கம்பும் கேழ்வரகும் நிறைத்திருக்கும். பண்ணையார் வீட்டில் பொங்குவது என் வீட்டிலும் பொங்க வேண்டும் என்ற ஆசைக்கு அந்த வாக்குறுதி ஒரு விலை சொல்லிற்று. 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாக் குழந்தைகளின் தட்டிலும் ஒரே சோறு விழுந்தது. 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. இதையெல்லாம் ஓட்டுக்காகச் செய்தார்கள் என்று சொல்லலாம். இருக்கட்டும். ஒரு தலைமுறை தலை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது என்பதும் உண்மை. அந்தச் சோற்றை நாக்கு ருசி என்று சொல்வதற்கு, மூன்று தலைமுறையாக அரிசியே சாப்பிட்டு வந்த வீட்டிலிருந்து வருகிறவனுக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்க வேண்டும்.

கௌரவத்தைப் பற்றிப் பேசும்போது அதில் பெண்களின் பங்கை நாம் மறந்துவிடுகிறோம். சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருத்தியுடன் பேசிக்கொண்டிருந்தேன். "கம்மங்கஞ்சியை ஏன் பாட்டி எல்லாரும் விட்டுட்டீங்க? அவ்வளவு ருசியா இருக்கும்னு சொல்றாங்களே?" என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குடிச்சவுகளைக் கேட்டா ருசியாத்தான் இருந்துச்சும்பாக. குத்துனவுகளைக் கேளுங்க தம்பி!" என்றாள். "கோழி கூப்பிடுமுன்ன உலக்கையைப் பிடிச்சா, விடியுறதுக்குள்ள ரெண்டு கையும் காந்தும். அப்புறம் காட்டு வேலை. சாயந்திரம் வந்தா மறுபடியும் உலக்கை. என் மாமியா குத்துனா, நான் குத்துனேன். என் மக குத்த வேண்டாம்னு உரலைத் தூக்கித் தொழுவத்துல போட்டுட்டேன். இப்ப அதுலதான் மாடு தண்ணி குடிக்குது."

கம்பைச் சோறாக்குவது லேசான காரியமல்ல. தானியத்தில் தண்ணீர் தெளித்துப் பிசறி வைக்க வேண்டும். உரலில் போட்டுக் குத்தி, சுளகில் புடைத்து உமியை நீக்க வேண்டும். மறுபடியும் குத்த வேண்டும். சலித்துக் குருணையைத் தனியாக, மாவைத் தனியாகப் பிரிக்க வேண்டும். கொதிக்கிற உலையில் முதலில் குருணையைப் போட்டு, பின்பு மாவைக் கரைத்து விட்டுக் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். ஒரே நாளில் மாதத்துக்கு வேண்டியதைக் குத்தி வைத்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. கம்பு மணியின் முளைப் பகுதியில் எண்ணெய்ச் சத்து அதிகம். மாவாக்கிய சில நாட்களுக்குள்ளேயே அது காறிப்போய்க் கசக்க ஆரம்பித்துவிடும். ஆகவே அன்றாடம் குத்தியாக வேண்டும். அரிசியை மூட்டையாக வாங்கி வைக்கலாம். கம்பு விஷயத்தில் சேமித்து வைக்கக்கூடியது தானியம் மட்டுமே, உழைப்பைச் சேமித்து வைக்க முடியாது. கம்பங்கூழின் பெருமையைப் பாடுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்களாக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் நினைவில் நிற்பது சட்டியும் மோரும் சின்ன வெங்காயமும். உலக்கைச் சத்தம் அவர்களுக்குத் தூக்கத்தில் கேட்ட சங்கீதம்.

அடுத்தது குருவி. கம்பங்கதிர் பால் பிடித்தவுடன் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். பரண் கட்டி, காலையிலிருந்து மாலை வரை கவண் வீசிக்கொண்டும் தகரத்தைத் தட்டிக்கொண்டும் யாராவது நிற்க வேண்டும். பெரும்பாலும் அந்த யாராவது ஒரு சின்னப் பையனாகவோ சிறுமியாகவோ இருந்தார்கள். இன்று அந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அவர்களைத் திரும்பப் பரணில் ஏற்ற வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டோம். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஊரே கம்பு விதைத்தால் குருவிகள் தின்றது போக ஒவ்வொருவனுக்கும் மிஞ்சும். ஒருவன் மட்டும் விதைத்தால் சுற்று வட்டாரத்துக் குருவிகள் எல்லாம் அவனுடைய கொல்லைக்கே வந்து சேரும். ஆகவே, முன்னோர் வழியில் நடப்பேன் என்று ஒரு நல்ல மனிதன் தனியாகத் தீர்மானித்தாலும் அந்தத் தீர்மானத்தைக் குருவிகள் தின்றுவிடும். ஒரு மனிதனுடைய நல்லெண்ணத்தால் மட்டும் காப்பாற்ற முடியாத காரியங்கள் உலகத்தில் உண்டு. கம்பு விவசாயம் அவற்றில் ஒன்று.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அப்படியானால் விட்டது சரிதான், போகட்டும்" என்று முடித்துவிடலாமா? அதுவும் என்னால் முடியவில்லை. விட்டவனிடம் குற்றம் இல்லை என்பதால், நஷ்டமும் இல்லை என்றாகிவிடாது.

நஷ்டம் சாமானியமானதல்ல. நூறு கிராம் கம்பில் சுமார் ஆறு மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கம்பில் இருப்பதை உடம்பு முழுவதும் ஏற்றுக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்த சோகை. இதற்கு அரிசி ஒன்றே காரணம் என்று சொல்வது அறியாமை. பல காரணங்கள் இருக்கின்றன. ஆனாலும் உலக்கையிலிருந்து விடுதலை பெற்ற அதே பெண், தட்டிலிருந்து எதையோ இழந்தும் விட்டாள் என்பதை மறுக்க முடியாது. குடியானவனுக்கும் அப்படித்தான். 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளக் காடுகளைச் சல்லடையாக்கியபோது, விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் கடன் வாங்கிப் போட்டவன் திகைத்து நின்றான். கம்பு பொய்த்தால் ஒரு பருவத்து உழைப்புப் போகும். கடன் வாங்கி வைத்த பயிர் பொய்த்தால் அடுத்த பருவங்களும் சேர்ந்து போகும்.

விதையின் கதையும் இதோடு சேர்ந்தது. பழைய நாளில் நல்ல கதிராகப் பொறுக்கி எடுத்து, அடுத்த ஆண்டு விதைக்கென்று வீட்டிலேயே பத்திரப்படுத்தி வைப்பார்கள். கம்பில் ஒரு விசேஷம் உண்டு. கதிரில் சூல்முடி முதலில் வெளியே வந்துவிடும். மகரந்தம் அதற்குப் பின்பே வரும். அதனால் தன் கதிரின் மகரந்தத்துக்காகக் காத்திராமல், பக்கத்துக் கதிரிலிருந்தும் பக்கத்துக் கொல்லையிலிருந்தும் காற்றில் வருவதை ஏற்றுக்கொண்டுவிடும். இதனால் ஒரே கொல்லையில் உயரமும் குட்டையும், முந்தியதும் பிந்தியதும் கலந்து நிற்கும். பார்வைக்கு ஒழுங்கில்லைதான். ஆனால் எந்த நோய் வந்தாலும் எல்லாம் ஒருசேரச் சாவதில்லை.

1965இல் லூதியானாவில் டி. எஸ். அத்வால் என்ற விஞ்ஞானி எச்.பி.-1 என்ற கலப்பினக் கம்பை உருவாக்கித் தந்தார். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் கண்டெடுத்த, மகரந்தம் தராத ஒரு கம்பு வகைதான் அதற்குத் தாய். விளைச்சல் பொங்கியது. 1970-71இல் நாட்டின் கம்பு உற்பத்தி 80 லட்சம் டன்னை எட்டியது. பிறகு அடிச்சாம்பல் நோய் வந்தது. அது கண்ட பயிரில் கதிரில் மணி பிடிக்க வேண்டிய இடத்தில் பச்சை இலை இலையாகத் தள்ளும். அந்தக் காலத்துக் கலப்பினங்கள் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. வறட்சியும் சேர்ந்துகொள்ள, 1974-75இல் உற்பத்தி பாதிக்கும் கீழே விழுந்தது.

இதைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, புதியது எல்லாமே மோசம்!" என்று கிளம்பிவிட வேண்டாம். தாய் வகைகளைப் பலவாக்கி, நோயைத் தாங்கும் கலப்பினங்களைப் பின்னால் கொண்டுவந்ததும் அதே விஞ்ஞானிகள்தான். 1990இல் ஹரியானா விவசாயப் பல்கலைக்கழகம் எச்.எச்.பி.-67 என்ற வகையை வெளியிட்டது. 65 நாட்களுக்குள் அது விளைந்துவிடும். மழை சீக்கிரம் முடிந்துபோகிற பூமியில் இருபது நாள் மிச்சமாவது என்றால், ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் பிழைக்கப் போகாமல் இருப்பது என்று அர்த்தம். அதற்கும் அடிச்சாம்பல் நோய் வந்தபோது, நோயைத் தாங்கும்படி திருத்தி 2005இல் மறுபடி கொடுத்தார்கள். இந்த உழைப்பை வணங்க வேண்டும்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த விவேகம் மேற்கு ராஜஸ்தானத்துக் குடியானவர்களுடையது. பார்மேர், ஜெய்சல்மேர் பக்கத்து மணல் பூமியில் கடும் வறட்சி ஆண்டுகளில் கலப்பினம் தாக்குப் பிடிப்பதில்லை. பழைய நாட்டு ரகந்தான் ஏதோ கொஞ்சமாவது தானியமும் மாட்டுக்குத் தட்டையும் கொடுக்கும். நல்ல மழை பெய்தாலோ புதியது அள்ளிக் கொடுக்கும். மழை எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே அவர்களில் பலர் வீட்டு விதையையும் கடை விதையையும் கலந்து விதைக்கிறார்கள். ஆராய்ச்சிக்குப் போனவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பழமையா புதுமையா என்று நாம் மேடை போட்டுச் சண்டை பிடிக்கிறோம். அந்த மனிதர்கள் அதை ஒரு சாக்குப் பைக்குள்ளேயே தீர்த்துவிடுகிறார்கள். நாளை என்ன நடக்கும் என்று தெரியாத நிலையில் இரண்டு வாசலையும் திறந்து வைப்பது கோழைத்தனமல்ல. பிள்ளை குட்டிகளை உடையவனின் பொறுப்பு அது.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. 2018ஐ இந்திய அரசு சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டில், அதுவரை முரட்டுத் தானியம் என்று கணக்கேடுகளில் எழுதி வந்த கம்பு, சோளம் முதலியவற்றுக்குச் சத்துத் தானியம் என்று பெயரை மாற்றியது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. பட்டணத்துக் கடைகளில் கம்பு, கண்ணாடிக் காகித உறையில் புன்னகை செய்கிறது. பெரிய ஓட்டல்களில் மண் கலயத்தில் கூழ் தருகிறார்கள். ஒரு கலயத்தின் விலையில் கரிசல் காட்டுக் கூலிக்காரக் குடும்பம் ஒரு வாரம் கூழ் குடித்திருக்கும். பொருள் ஒன்றேதான், குடிக்கிறவர்தான் மாறியிருக்கிறார். ஏழை குடித்தபோது கேவலமாக இருந்தது, பணக்காரர் குடிக்கும்போது நாகரிகமாகிவிட்டது. கௌரவம் தானியத்தில் இல்லை, அதைப் பிடிக்கும் கையில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரால் காட்ட முடியும்?

இதில் கேலி செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் கேலியோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது. பட்டணத்தான் கம்பைத் தேடுவது நல்லதே. எந்தக் காரணத்துக்காகத் தேடினாலும், அவன் தேடுவதால் கம்புக்கு விலை வருகிறது. அந்த விலை எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் தர்ம சங்கடமான கேள்வி. மத்திய அரசு கம்புக்கு ஆதரவு விலை அறிவிக்கிறது; 2025-26க்குக் குவிண்டாலுக்கு 2,775 ரூபாய். அந்த விலைக்கு வாங்கிக்கொள்ள ஓர் ஆளும் ஒரு தராசும் ஊருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அது விலை. இல்லாவிட்டால் அது சுவரில் ஒட்டிய விளம்பரத்துக்குச் சமம். உறையின் மேல் அச்சடித்த விலைக்கும் களத்தில் எண்ணிக் கொடுத்த விலைக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் குறைக்காமல், "மறுபடியும் கம்பு விதையுங்கள்" என்று குடியானவனுக்கு உபதேசம் செய்வது, நம்முடைய ஆரோக்கியத்துக்காக அவனை வறுமையில் இருக்கச் சொல்வதே ஆகும்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: கம்பு இந்த நாட்டில் நிலைக்க வேண்டும். வெயில் கூடிக்கொண்டும் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டும் போகிற காலத்தில், குறைவாகக் கேட்கிற பயிரை இழப்பது புத்திசாலித்தனமல்ல. ஆனால் அதைக் காப்பாற்றுகிற கடமை, அதை ஒரு காலத்தில் வேறு வழியின்றித் தின்றவர்களுடையதல்ல. அது வேண்டும் என்று சொல்கிறவர்களுடையது. கடமை என்றால் என்ன? முதலாவது, களத்திலேயே நியாயமான விலை. இரண்டாவது, உமி நீக்கவும் மாவரைக்கவும் ஊருக்கு ஒரு யந்திரம். உலக்கையைத் திரும்பக் கொண்டுவருகிற எந்தத் திட்டமும் எனக்குச் சம்மதமில்லை. மூன்றாவது, சர்க்கார் கொள்முதல். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். கம்புக்கும் அப்படி ஒரு வழி பிறக்கலாம். ஆனால் விருப்பமிருப்பவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். வேண்டாம் என்பவர்களுக்கு அரிசி இருக்கட்டும். "ஏழைக்குக் கம்புதான் நல்லது" என்று அரிசியைப் பறித்துக்கொண்டு கம்பைத் திணித்தால், தொழுவத்துப் பக்கம் உட்கார வைத்துக் கூழ் ஊற்றிய பழைய பண்ணையாருக்கும் நமக்கும் வித்தியாசம் இராது.

இரண்டு பேர் கூழ் குடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் வேறு வழி இல்லாமல் குடிக்கிறான். மற்றவன் வேண்டுமென்று குடிக்கிறான். சட்டிக்குள் இருப்பதில் அணுவளவும் வித்தியாசமில்லை. ஆனால் முதலாமவனுக்கு அது விதி. இரண்டாமவனுக்கு அது உணவு. வானம் பார்த்த பூமியில் பிறந்த ஒருவன், கையில் காசும் வீட்டில் அரிசியும் இருக்கும்போது, "இன்றைக்குக் கம்மஞ்சோறு ஆக்கு" என்று தன் வீட்டில் ஆசையாகச் சொல்ல வேண்டும்; அந்த வீட்டுப் பெண்ணும் அதைக் கேட்டு முகம் சுளிக்காமல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அந்த நாள் வருகிறவரைக்கும், பந்தியில் உட்கார்ந்துகொண்டு கம்பின் பெருமையை நாம் கொஞ்சம் குறைவாகவே பேசலாம். பேசுகிற நேரத்தில் அதற்கு உரிய விலையைக் கொடுத்து இரண்டு படி வாங்கலாம்.